யாருடைய வீட்டிலும் தங்காத ஒரு விடுமுறை

பயண ஏஜென்ட் வேலையில் இருப்பவர்களைப் பார்த்து எல்லோரும் "உங்களுக்கென்ன, நல்ல வேலை" என்பார்கள். அதை மறுத்துப் பேசக்கூட நமக்கு நேரம் இருக்காது என்பதுதான் இந்த வேலையின் லட்சணம்.

நான் கரூர்க்காரி. கனடாவில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படிக்க வந்தவள், இப்போது மொன்றியல் ஓரத்துப் பியர்பொன்ட்ஸில் ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு பீட்சா கடைக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு ஊராரை ஆகாயத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முதலாளி ஜீல் இந்த ஊர்க்காரர். மனிதப் பிறவி எடுத்த எல்லோருக்கும் வேண்டியது ஒரு தென்னை மரமும் அதன் அடியில் ஒரு நாற்காலியும்தான் என்று நம்புபவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களுக்குத் தென்னை மரத்தைக் காட்டி மயக்க முடியாது. குடும்பத்தோடு எங்கேயாவது போக ஒரு தடவையாவது திட்டம் போட்டுப் பட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

மூன்றும் வேண்டும்

பவளம் அக்கா ஒரு மார்ச் மாத மத்தியானம் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். பக்கத்துத் தெருவில் உள்ள கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை பார்ப்பவர். கூடவே அவர் கணவர் நவரத்தினம் அண்ணை. நகரப் பேருந்து ஓட்டுபவர். "நகரமும் பாக்க வேணும், காட்டு மிருகமும் பாக்க வேணும், கடலிலை காலும் நனைக்க வேணும். லீவு பத்து நாள்தான்" என்றார் அக்கா. நைரோபியில் இரண்டு நாள், மசாய் மாராவில் சபாரி, கடைசியில் டியானி கடற்கரை என்று கென்யாவை நான் அங்கேயே பிரித்துப் போட்டேன். ஆகஸ்டில் போனால் மிருகங்கள் கூட்டம் கூட்டமாக இடம் மாறுவதையும் பார்க்கலாம் என்றேன். இருவர் முகமும் மலர்ந்தது.

அப்புறம் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். ஒருத்தருடைய வீட்டிலும் தங்கக் கூடாது, எல்லா இடமும் ஹோட்டல்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் போன பயணமெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்குத்தானாம். டொரொன்டோ, பாரிஸ், சூரிச் என்று எங்கே போனாலும் அண்ணை வரவேற்பறையில் உட்கார்ந்து அரசியல் பேசுவார். அக்கா அந்த வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து வெங்காயம் உரிப்பார். விருந்தாளி சும்மா உட்கார்ந்தால் மரியாதை இல்லையே. லண்டன் எப்படி இருக்கும் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"லண்டனுக்குக் கன தரம் போயிருக்கிறன் தங்கச்சி. எப்பிடியெண்டு கேட்டால், மச்சாள் வீட்டுக் குசினியிலை சுடுதண்ணி கெதியா வரும் எண்டுதான் சொல்லுவன்."

சிங்கம் எத்தனை மணிக்கு

அடுத்த தடவை அண்ணை தனியாக வந்தார். சபாரி நடைமுறை அவருக்குத் தெரிய வேண்டுமாம். விடியற்காலையில் ஜீப்பில் கூட்டிப்போவார்கள், சாயந்திரம் மறுபடி போவார்கள், மிருகம் கண்ணில் படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று சொன்னேன். "அதிர்ஷ்டமோ?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆயுள் முழுக்க அட்டவணைப்படி வண்டி ஓட்டிய மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

சிங்கம் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும், யாரும் அதற்கு நேரம் குறித்துக் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். கதவருகே போய்த் திரும்பினார்.

"சரி, சரியான நேரம் வேண்டாம். அந்த ரூட்டிலை சிங்கம் எத்தினை நிமிசத்துக்கு ஒருக்கால் வரும் எண்டாவது கேட்டுச் சொல்லுங்கோ."

இரண்டு பஞ்சாங்கமும் ஒரு விமானமும்

விமானத்துக்குத் தேதி குறிக்கும் நாள் வந்தது. நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன், அண்ணை பஞ்சாங்கத்தைத் திறந்தார். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் உண்டு, இரண்டுக்கும் ஒத்துவராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணை வாக்கியக் கட்சி. டொரொன்டோவில் இருக்கும் அவருடைய அக்கா திருக்கணிதம். அவரையும் போனில் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்கள். ஒருவருக்கு நல்ல நாள் மற்றவருக்கு மரண யோகம். அதைத் தீர்ப்பதற்குள் இன்னொரு சந்தேகம் முளைத்தது: பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்து சூரியனுக்குக் கணித்தது, மொன்றியலில் கிளம்புகிறவன் எந்த ஊர் ராகு காலத்தைப் பார்ப்பது? பவளம் அக்கா சுவரில் ஜீல் மாட்டியிருந்த தென்னை மரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பஞ்சாங்கமும் சேர்ந்து சம்மதித்த ஒரே நேரம் ஒரு வியாழக்கிழமை காலை. வியாழக்கிழமை விமானம் இல்லை. சனிக்கிழமை இரவுதான் இருந்தது.

பயணமே நின்றுவிடும் போலிருந்ததால் நான் வாயைத் திறந்தேன். எங்கள் பக்கம் இதற்குப் பரஸ்தானம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொண்டுபோகிற பைகளில் ஒன்றை நல்ல நேரத்தில் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் வேண்டுமானாலும், அந்தப் பையைத் திரும்ப நம் வீட்டுக்குள் கொண்டுவராமல், போகிற வழியில் எடுத்துக்கொண்டு போகலாம். அண்ணை அசந்துபோனார். போனுக்குள் இருந்த அக்காவும் ஒத்துக்கொண்டார். அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்த ஜீலுக்கு நான் பிரெஞ்சில் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்படியென்றால் ஆட்களுக்கு முன்பே அவர்கள் பை விடுமுறையில் போய்விடுகிறது. அந்தப் பைக்கும் நாம் ஹோட்டல் போட வேண்டுமா?"

கடலை வெட்டினால்

எல்லாம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தபோது அண்ணையின் போன் வந்தது. கென்யா போகிற செய்தி டொரொன்டோ அக்கா வழியாக நாலு திசையும் பரவி, அவருடைய கணவரின் தம்பி முறையில் ரூபன் என்று ஒருவர் டியானியிலேயே இருப்பது தெரிந்துவிட்டதாம். வேலை விஷயமாகப் போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியுமாம். "அங்கை நிக்கிற ஹோட்டலை வெட்டிவிடுங்கோ தங்கச்சி. சொந்தக்காரரின்ரை ஊருக்குப் போய் ஹோட்டலிலை நிண்டால் அவை என்ன நினைப்பினம்?"

அன்றைக்கே மத்தியானம் பவளம் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார். கோட்டுக்குள் சமையல் ஏப்ரன் அப்படியே இருந்தது. குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வந்திருக்கிறார். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான் ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. இதுவும் இல்லையெண்டால் பேந்து நான் எங்கையும் வெளிக்கிட மாட்டன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கரூரில் என் மாமியார் வீட்டுக்குப் போனால் நான் என்ன செய்கிறேன் என்பதும் ஞாபகம் வந்தது.

நான் அண்ணைக்குப் போன் போட்டேன். மாராவில் தங்கும் கூடார ஹோட்டலையும் டியானி ஹோட்டலையும் அங்குள்ள கம்பெனி ஒரே பாக்கேஜாகக் கட்டியிருக்கிறது, கடலை வெட்டினால் சிங்கமும் போய்விடும் என்றேன். அது உண்மையும்கூட. அண்ணை ஆற்றாமையோடு சொன்னார்:

"நான் ரூபன் வீட்டிலை நிண்டால் அந்தச் சிங்கத்துக்கு என்ன குறை?"

அடுக்கிய பெட்டி

மாராவுக்குப் போவது சின்ன விமானம். அதிகம் எடுத்துப் போக முடியாது, அதுவும் மடக்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். இதைச் சொல்வதற்காக அவர்கள் வீட்டுக்கே போனேன். கூடத்தில் ஒரு பெரிய பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அரிசி மா, மிளகாய்த்தூள், மாசிக் கருவாடு, ரூபன் வீட்டுக்கென்று ஏழெட்டு மேப்பிள் சிரப், எல்லாவற்றுக்கும் நடுவில் துவாலை சுற்றிய ஒரு ரைஸ் குக்கர். கூடாரத்தில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு, விதவிதமாக வைப்பார்கள் என்றேன். "அது அவையின்ரை சாப்பாடு. ராவைக்கு ரூமிலை ஒரு சுண்டு அரிசி போட்டால் காணுமே" என்றார் அண்ணை.

யார் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த பவளம் அக்கா ஒரு சட்டையை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ரைஸ் குக்கர் வருதெண்டால் வரட்டும் தங்கச்சி. என்ரை சீட்டை அதுக்குக் குடுத்துவிடுங்கோ."

முன்னால் கிளம்பிய பை

வியாழக்கிழமை காலை குறித்த நேரத்தில் அண்ணை பக்கத்து வீட்டு மதாம் லூசியிடம் ஒரு தோள்பையைக் கொடுத்துப் பரஸ்தானம் செய்தார். செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும், பாஸ்போர்ட் இல்லாத பை என்ன பை, பயணம் அதில்தானே இருக்கிறது என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் அதற்குள் வைத்துவிட்டார். "இதைத் தனியே விட்டுவிடாதீர்கள், கண் முன்னாலேயே இருக்கட்டும்" என்று பஸ் ஓட்டிக் கற்ற பிரெஞ்சில் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியும் வைத்தார். மதாம் லூசி சொன்ன சொல் தவறாத மனுஷி.

சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன். மதாம் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் இல்-பிசார் தீவில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், பையையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார். அந்தத் தீவில் பஸ்ஸை நம்பிப் புண்ணியமில்லை. அண்ணையே அப்படித்தான் சொன்னார். நான் காரில் அண்ணையை ஏற்றிக்கொண்டு ஓடினேன். தங்கை வீட்டுக்குப் போனால் அங்கும் பூட்டு. அக்காளும் தங்கையும் ஆற்றின் அக்கரையில் லவாலில் ஐஸ்கிரீம் சாப்பிடப் படகுத்துறைக்குப் போய்விட்டார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு ஆற்றின் நடுவே இருந்தது. அண்ணை கையை ஆட்டினார். மதாம் லூசி எங்களைப் பார்த்துவிட்டார். பை பத்திரமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே, தண்ணீர்ப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

படகு லவாலைத் தொட்டுவிட்டு அவர்களை இறக்காமலே திரும்பி வந்தது. இறங்கியதும் மதாம் பையை நீட்டி, ஒரு நிமிஷம்கூடக் கையை விட்டு இறக்கவில்லை, குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனேன் என்றார். காரில் ஏறி உட்கார்ந்த அண்ணை பாஸ்போர்ட்டை எடுத்துத் தடவிப் பார்த்தார். விமானத்துக்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு பெரிய திருப்தி.

"பாத்தியளோ தங்கச்சி, நல்ல நேரத்திலை வெளிக்கிட்ட சாமான். ஆத்திலை போயும் நனையாமல் வந்திட்டுது."

மாராவிலிருந்து ஒரு அழைப்பு

நைரோபியைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. அங்கே பஸ்கள் ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு அண்ணை நாள் முழுக்கத் தெருமுனையில் நின்றதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மாராவிலிருந்துதான் வீடியோவில் அழைத்தார். யானை, ஒட்டகச்சிவிங்கி, எருமை எல்லாம் ஆயிற்று. சிங்கமும் கிடைத்துவிட்டது, ஆனால் அதில் ஒரு சிக்கல் என்றார்.

போனைத் திருப்பிக் காட்டினார். புல்லுக்குள் ஒரு ஆண் சிங்கம் நாலு காலையும் பரப்பிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஜீப்பின் முன்சீட்டில் பவளம் அக்கா, வாயில் விரலை வைத்து அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிக்கொண்டு, கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அண்ணை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வந்த நேரம் தொடக்கம் படுத்திருக்குது, எழும்புதில்லை. இப்பிடிப் படுத்திருந்தால் அது கணக்கிலை வருமோ?"

டியானி

கடலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் சத்தமே இல்லை. சத்தம் இல்லாவிட்டால்தான் எனக்குப் பயம். மூன்றாம் நாள் நான் மத்தியானச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது, அங்கே இருட்டியிருக்கும், அண்ணை அழைத்தார். ரூபன் வீட்டிலிருந்து பேசுகிறாராம். அத்தனை பாடுபட்டும் கடைசியில் அந்தப் பெண்ணைக் குசினிக்குள் தள்ளிவிட்டார்களே என்று நினைத்தேன். "அக்கா எங்கே அண்ணா?" என்று கேட்டேன்.

"அவ ஹோட்டலிலை. ரூபன்ரை மனுசி கௌரியையும் கூட்டிக்கொண்டு போட்டா. இஞ்சை நானும் ரூபனும்தான். தங்கச்சி, பருப்பு எவ்வளவு நேரம் அவிய வேணும்?"

மொன்றியலில் ஒரு ஹோட்டல்

நடந்ததை அக்காதான் வந்து சொன்னார். ஒரு மரியாதைக்காக ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் ரூபன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சபாரி பார்க்க வருகிற சொந்தக்காரர் எல்லோரும் கடைசியில் தங்குகிற இடம் அந்த வீடுதான். அன்றைக்கும் லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்போதுதான் கிளம்பிப்போயிருந்தது. கௌரி ஒரு பக்கம் படுக்கை விரிப்புகளைத் துவைக்கப் போட்டுவிட்டு, மறுபக்கம் இவர்களுக்குக் கறி தாளித்துக்கொண்டிருந்தாராம். பழக்கதோஷத்தில் அக்கா எழுந்து உள்ளே போய் வெங்காயத்தைக் கையில் எடுத்தும்விட்டார். பேச்சுவாக்கில், கடல் குளிக்க நல்லாயிருக்குமோ என்று கேட்டிருக்கிறார். கௌரிக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கடலில் இறங்கியதே இல்லை, விருந்தாளிகளின் துவாலையைக் காயப்போட மாடிக்குப் போகும்போது பார்ப்பதோடு சரி.

அக்கா வெங்காயத்தை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாராம். கௌரியின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து, ஆண்கள் இருவரிடமும் நாளைக்கு வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்துவிட்டார். இரண்டு பேரும் சாயந்திரம்வரை தண்ணீருக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். ராத்திரி ஹோட்டலில் யாரோ பரிமாற உட்கார்ந்து சாப்பிட்டபோது கௌரி, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவுகிற இடம் எங்கே என்று இரண்டு தடவை எழுந்தாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்கும்தான்.

அவர் வந்த விஷயம் அதுவல்ல. வருகிற ஆடியில் கௌரி மொன்றியலுக்கு வருகிறார். பழைய நகரம் பார்க்க வேண்டும், ஆற்று முகத்துவாரத்தில் திமிங்கிலம் பார்க்க வேண்டும், அப்படியே கிழக்கே போய்க் கடற்கரை. மூன்றும் வேண்டும். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தங்குவது பியர்பொன்ட்ஸில் உங்கள் வீட்டில்தானே என்று வழக்கம்போலக் கேட்டேன். கூடவே வந்து பின்னால் நின்ற நவரத்தினம் அண்ணை "ஓம்" என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"இல்லை. எங்கடை வீட்டிலை வேண்டாம், ஹோட்டலிலை போடுங்கோ. ரெண்டு கட்டில் உள்ள ரூமாப் பாருங்கோ, நானும் அவவோடை அங்கைதான் நிக்கப்போறன்."

ஆட்களை உலகம் சுற்ற அனுப்புவதுதான் என் தொழில் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் பியர்பொன்ட்ஸ்காரி ஒருத்தியைப் பியர்பொன்ட்ஸிலிருந்து மொன்றியலுக்கு அனுப்பிவைப்பதற்குத்தான் சிங்கம், சின்ன விமானம், இரண்டு பஞ்சாங்கம் எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது.